பேயும் கொலையும் சேர்ந்த இளையோர் நாவலை வாசிக்கும் முறை

கொலை மர்ம நாவலைக் கையில் எடுத்தவருக்கு ஒரே வேலைதான்: கொன்றது யார் என்று ஆசிரியர் சொல்வதற்குள் கண்டுபிடிக்கப் பார்ப்பது. கதைக்குள் ஒரு ஆவியும் வந்துவிட்டால் அதற்கு முன்னால் இன்னொரு வேலை சேர்ந்துகொள்கிறது. அந்த ஆவியால் என்ன முடியும், என்ன முடியாது என்று முதலில் பிடித்தாக வேண்டும். அதை விட்டுவிட்டுக் கொலையாளியைத் தேடினால் கடைசி அத்தியாயம் வரை இருட்டில் துழாவ வேண்டியதுதான்.

"பேய் வந்துவிட்டால் எது வேண்டுமானாலும் நடக்கலாமே, இதில் துப்பறிய என்ன இருக்கிறது?" என்று இந்த வகையையே ஒதுக்குகிறவர்கள் உண்டு. இந்தச் சந்தேகம் பழையது. ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், தாமே துப்பறியும் கதைகள் எழுதியவர், 1929இல் அத்தகைய கதைகளுக்குப் பத்து விதிகள் வகுத்தார். கொலையாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே தலைகாட்டியிருக்க வேண்டும் என்பது முதல் விதி. அமானுஷ்யத்துக்கு இடமே கிடையாது என்பது இரண்டாவது. புதிரைப் போட்டுவிட்டு, அவிழ்க்க வழி தெரியாமல், கடைசியில் பேயின் தலையில் பழியைப் போட்டுத் தப்பிக்கிற வேலைக்கு இந்த விதி வழியை அடைத்தது. இன்றைய இளையோர் நாவல்கள் அந்த இரண்டாவது விதியை வெளிப்படையாகவே மீறுகின்றன. ஆனாலும் அவற்றில் நல்லவை அதன் நியாயத்தைக் காப்பாற்றுகின்றன. பேய் வரும், அதற்கென்று ஒரு சட்டம் இருக்கும், அந்தச் சட்டம் கதையின் முதல் பாதிக்குள் வாசகர் கண்ணில் பட்டிருக்கும், கடைசியில் கொலையாளி மாட்டுவதும் பெரும்பாலும் அந்தச் சட்டத்தால்தான்.

எனவே ஒரு வரியில் முறை இதுதான்: பேயின் சட்டத்தை எழுதி வையுங்கள், பிறகு அதையே சாட்சியாகப் பயன்படுத்துங்கள். இதை எப்படிச் செய்வது, எங்கே சறுக்கும் என்பதுதான் மீதி.

எந்த வகைக் கதை என்று முதலில் பாருங்கள்

மேலட்டையில் இருட்டுக் காடும் பின்னட்டையில் "இறந்தவர்கள் அமைதியாக இருப்பதில்லை" போன்ற ஒரு வரியும் இருந்தால் உள்ளே பேய் இருக்கிறது என்று அர்த்தமில்லை. இந்த அலமாரியில் நான்கு விதமான நாவல்கள் கலந்து கிடக்கின்றன. பேய் நிஜம், கொலை செய்தது மனிதன் என்பது ஒன்று; இதுதான் அதிகம். பேய் மாதிரித் தெரிந்தது எல்லாம் மனிதன் செய்த ஏற்பாடு என்பது இரண்டாவது. கொன்றதே பேய்தான், அதை யார் ஏவினார்கள் அல்லது எழுப்பினார்கள் என்பதுதான் புதிர் என்பது மூன்றாவது. நிஜமா பிரமையா என்று கடைசிவரை சொல்லாமலே விடுவது நான்காவது. ஸ்வெதான் தொதொரோவ் என்ற இலக்கிய அறிஞர் 1970இல் எழுதிய நூலில் இந்த நான்காவது வகையைத்தான் அதிசயப் புனைவின் மையமாக வைத்தார்: இயற்கையான விளக்கத்துக்கும் இயற்கையை மீறிய விளக்கத்துக்கும் நடுவே வாசகர் தயங்கி நிற்கும் நேரம் அது. விளக்கம் ஒரு பக்கம் சாய்ந்த உடனே கதை வேறு வகைக்குப் போய்விடுகிறது என்பது அவர் கணக்கு.

எந்த வகை என்று புத்தகத்தின் முதல் கால்பகுதி முடியும்போது நீங்களே ஒரு முடிவுக்கு வர வேண்டும். 360 பக்கப் புத்தகம் என்றால் 90ஆம் பக்கத்தில். அதற்கு மூன்று கேள்விகள் போதும்.

அந்த உருவத்தைக் கதைசொல்லியைத் தவிர வேறு யாராவது, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல், பார்த்தார்களா? கதைசொல்லிக்குத் தெரிந்திருக்கவே முடியாத ஒரு தகவலை அது கொண்டுவந்ததா? அது போன பிறகு, பகல் வெளிச்சத்திலும் மாறாமல், ஏதாவது தடயம் மிஞ்சியதா?

மூன்றுக்கும் "இல்லை" என்றால் இரண்டாவது வகை அல்லது நான்காவது வகைக்குத் தயாராகுங்கள். கதைசொல்லியின் தூக்கம், மருந்து, காய்ச்சல், துக்கம் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறதா என்று திரும்பிப் பாருங்கள். இரண்டாவது கேள்விக்கு "ஆமாம்" என்று வந்தால் பேய் நிஜமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அவசரம் வேண்டாம். அந்தத் தகவல் கதைசொல்லிக்கு நிஜமாகவே தெரியாததா, அல்லது சிறு வயதில் கேட்டு மறந்ததா என்று இன்னொரு முறை பார்க்க வேண்டும். பிரமைக் கதைகளில் பெரும்பாலானவை இந்த ஓட்டை வழியாகத்தான் தப்பிக்கின்றன.

தவறான வகை என்று முடிவு செய்துவிட்டால் என்ன ஆகும்? உங்களுக்குச் சரியான தடயங்கள் எல்லாம் தப்பான தடயங்களாகத் தெரியும். பேய் நிஜம் என்கிற கதையில் நீங்கள் ஒளித்து வைத்த ஒலிபெருக்கியைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். அதனால் 90ஆம் பக்கத்து முடிவைப் பென்சிலில் எழுதுங்கள், பாதியில் மீண்டும் பாருங்கள்.

நோட்டுப் புத்தகம்

ஒரு சின்ன நோட்டும் பேனாவும் போதும். இடது பக்கம் பேய்க்கு, வலது பக்கம் மனிதர்களுக்கு. ஒவ்வொரு குறிப்புக்கும் முன்னால் அத்தியாய எண் கட்டாயம். பக்க எண்ணை நம்ப வேண்டாம். மின்னூலில் எழுத்தின் அளவை மாற்றினால் அது மாறிவிடலாம், வேறு பதிப்பிலும் ஒத்துவராது.

இடது பக்கத்தில் எழுத வேண்டியவை: அது எங்கே தோன்றியது, எப்போது, யார் பார்த்தார்கள், எதைத் தொட்டது, எதைத் தொட முடியவில்லை, என்ன பேசியது, எதைக் கேட்டபோது பதில் சொல்லவில்லை. உங்கள் விளக்கத்தை இங்கே சேர்க்காதீர்கள். "கோபமாக இருந்தது" என்பது விளக்கம். "ஜன்னல் திறந்தது, கதவு திறக்கவில்லை" என்பது தகவல்.

வலது பக்கத்தில் ஆள் ஒருவருக்கு மூன்று வரி: கொலை நடந்த நேரத்தில் எங்கே இருந்ததாகச் சொன்னார், அதை உறுதிப்படுத்தியது யார், இறந்தவரோடு என்ன உறவு. "உறுதிப்படுத்தியது யார்" என்ற வரிதான் மிக முக்கியம். இளையோர் நாவலில் நண்பர்கள் ஒருவருக்காக ஒருவர் பொய் சொல்வது சர்வ சாதாரணம். கொலையை மறைக்க இல்லை, காதலையோ காப்பியடித்ததையோ வீட்டுக்குத் தெரியாமல் வெளியே போனதையோ மறைக்க. இந்தச் சின்னப் பொய்களைத்தான் ஆசிரியர்கள் பெரிய பொய்யை மூடும் போர்வையாகப் பயன்படுத்துகிறார்கள்.

எவ்வளவு எழுதுவது? ஒரு அத்தியாயத்துக்கு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் வாசிப்பு பரீட்சைக்குப் படிப்பதாகிவிடும், கதையின் பயமும் வேகமும் செத்துவிடும். எதுவும் தோன்றாத அத்தியாயத்தை எழுதாமலே விடலாம்.

ஒரு மாதிரி

முறை எப்படி வேலை செய்கிறது என்று காட்ட, இதற்காகவே புனைந்த ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். மாணவர் விடுதி. கதைசொல்லி 16 வயதுப் பெண். இறந்தவர்கள் அவள் கண்ணுக்குத் தெரிவார்கள். இரண்டு மாதங்களுக்கு முன் வந்து சேர்ந்த இன்னொரு மாணவி நீச்சல் குளத்தில் இறந்து கிடக்கிறாள். விபத்து என்று எல்லோரும் சொல்கிறார்கள். அன்று இரவே அவள் ஆவி கதைசொல்லியின் முன்னால் வந்து நிற்கிறது. கடைசி நாள் அதற்கு நினைவில்லை.

நான்காவது அத்தியாயத்தில் கதைசொல்லி நூலகத்துக்குள் போகிறாள். ஆவி வாசலிலேயே நின்றுவிடுகிறது. "உள்ள வர முடியல. நான் இங்க வந்ததே இல்லையே" என்கிறது. "புத்தகம் பக்கமே போகாத ஆளா நீ?" என்று கதைசொல்லி சிரிக்கிறாள். காட்சி அங்கேயே முடிகிறது. வாசகரும் சிரித்துவிட்டுப் போகிறார்.

ஆறாவது அத்தியாயம். இசை ஆசிரியரிடம் விசாரணை. அவர் வருத்தத்தோடு பேசுகிறார், நல்லவராகத் தெரிகிறார். "வகுப்பில் பார்த்ததோடு சரி. என் அறைப் பக்கம் அவள் வந்ததே கிடையாது" என்கிறார்.

பதினொன்றாவது அத்தியாயம்தான் பயங்கரமான அத்தியாயம். நள்ளிரவில், ஒரு சாவியைத் திருட, கதைசொல்லி இசை ஆசிரியரின் அறைக்குள் நுழைகிறாள். மின்சாரம் போகிறது. தோளில் ஈரமான ஒரு கை. திரும்பினால் பியானோவுக்குப் பக்கத்தில் தோழியின் ஆவி, முடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. கதைசொல்லி அலறிக்கொண்டு ஓடுகிறாள். வாசகரும் கூடவே ஓடி, அடுத்த அத்தியாயத்தைத் திறக்கிறார்.

நோட்டில் இப்படி இருக்க வேண்டும். இடது பக்கம்: "4 – நூலகத்துக்குள் வர முடியவில்லை. உயிரோடு இருந்தபோது வராத இடம் என்கிறது." வலது பக்கம்: "6 – இசை ஆசிரியர்: அவள் என் அறைக்கு வந்ததில்லை. உறுதிப்படுத்த ஆள் இல்லை." மீண்டும் இடது பக்கம்: "11 – இசை ஆசிரியர் அறைக்குள், பியானோ அருகே நின்றது."

மூன்று வரியையும் ஒன்றாகப் பார்த்தால் அவ்வளவுதான். உயிரோடு இருந்தபோது போகாத இடத்துக்கு ஆவியால் வர முடியாது. அந்த அறைக்குள் வந்திருக்கிறது. ஆக, அவள் அங்கே போயிருக்கிறாள்; ஆசிரியர் சொன்னது பொய், அல்லது அவருக்குத் தெரியாமல் அவள் அங்கே போயிருக்கிறாள். கொலை நடந்த அன்று நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், தான் நின்ற இடத்தால் மட்டுமே ஆவி சாட்சி சொல்லிவிட்டது.

இங்கே இரண்டு எச்சரிக்கை. முதலாவது, சட்டம் உண்மையிலேயே சட்டம்தானா என்று சோதியுங்கள். எட்டாவது அத்தியாயத்தில் ஆவி ஏறியே இராத ஒரு பேருந்தில் வந்து உட்கார்ந்திருந்தால் உங்கள் சட்டம் தப்பு, அல்லது ஆசிரியர் கவனமில்லாதவர். ஒரே ஒரு முறை சொன்னதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். இரண்டு இடங்களிலாவது ஒத்துப்போக வேண்டும். இரண்டாவது, பொய் சொன்னவரெல்லாம் கொலையாளி ஆகிவிட மாட்டார். இசை ஆசிரியர் வேறு யாரையாவது காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். அந்த அறைக்குச் சாவி வைத்திருக்கும் மற்றவர்கள் யார் என்பது அடுத்த கேள்வி.

"அவளிடமே கேட்டால் என்ன?"

இறந்தவர் வந்து பேசுகிற எந்தக் கொலைக் கதையிலும் வாசகர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. கொன்றது யார் என்று இறந்தவருக்குத் தெரியுமே. ஏன் சொல்லவில்லை?

ஆசிரியர்கள் இதற்கு வைக்கும் தடைகள் சிலதான். நினைவு போய்விட்டது. பேச்சு வரவில்லை, சைகை மட்டும். பின்னாலிருந்து தாக்கியதால் முகத்தைப் பார்க்கவில்லை. குறிப்பிட்ட நேரம் மட்டும் வர முடியும். சொல்வதற்கு ஒரு விலை உண்டு. அல்லது, இதுதான் மிகச் சுவாரஸ்யமானது, தெரிந்தும் சொல்ல விரும்பவில்லை.

தடை எது என்று தெரிந்த உடனே அதற்கு ஒரு விதிவிலக்கைத் தேடுங்கள். நினைவு போன ஆவிக்கு எது மட்டும் நினைவிருக்கிறது என்பது துப்பு. ஒரு பாட்டு, ஒரு வாசனை, ஒரு சட்டையின் நிறம் என்று ஏதாவது மிச்சமிருக்கும். பேச முடியாத ஆவி எந்த ஆளைக் கண்டால் மறைந்துவிடுகிறது என்று பாருங்கள். சொல்ல விரும்பாத ஆவி என்றால் சந்தேகப் பட்டியலில் அது நேசித்தவர்கள் மேலே வர வேண்டும்: தம்பி, அம்மா, நெருங்கிய தோழி.

நாவலில் இந்தத் தடை எதுவும் இல்லை, ஆவி சொல்லாமலிருப்பதற்குக் காரணமே கொடுக்கவில்லை என்றால், புத்தகம் பலவீனமானது. பயத்துக்காகத் தொடர்ந்து வாசிக்கலாம், ஆனால் துப்புத் தேடிக் களைத்துப்போக வேண்டாம்.

தடயத்தை எங்கே ஒளிப்பார்கள்

மேலே சொன்ன மாதிரியில் பார்த்தபடி, பயமுறுத்தும் காட்சியின் நடுவே ஒளிப்பது இந்த வகைக்கே உரிய உத்தி. படபடப்பில் கண் வரிகளைத் தாண்டி ஓடும். அதனால் உங்களைத் திடுக்கிட வைத்த காட்சி எதுவானாலும், அத்தியாயம் முடிந்த பிறகு அதன் முந்தைய ஒரு பக்கத்தை மட்டும் மெதுவாகத் திரும்ப வாசியுங்கள். அறையில் என்ன பொருள்கள் இருந்தன, எந்தக் கதவு திறந்திருந்தது, யார் அங்கே இல்லை. இதற்கு இரண்டு நிமிடம் ஆகும். இதைப் பழக்கமாக்கிக்கொண்டாலே பாதி நாவல்களில் பலன் தெரியும்.

மற்ற ஒளிவிடங்கள் எல்லாக் கொலைக் கதைகளுக்கும் பொதுவானவை. ஐந்து பொருள்களை வரிசையாகச் சொல்லும்போது மூன்றாவதாக வருவது. நகைச்சுவை வரி. காதல் காட்சிக்கு முன்னால் வந்துபோகும் ஒரு தகவல். முத்தத்துக்குப் பிறகு அது யாருக்கும் ஞாபகம் இருக்காது. பெரியவர்கள் சலிப்பாகச் சொல்லும் ஊர் வரலாறு: பழைய தீ விபத்து, இடித்துக் கட்டிய பள்ளி, பெயர் மாற்றிக்கொண்ட குடும்பம். இந்த வரலாற்றுப் பத்திகளைத் தாண்டிப்போகிறவர்கள் பேயின் சட்டத்தையே தாண்டிப்போகிறார்கள், ஏனென்றால் அது பெரும்பாலும் பழைய கதையோடு கட்டப்பட்டிருக்கும்.

கொலையாளியின் குரலில் சாய்ந்த எழுத்தில் அங்கங்கே ஒரு குட்டி அத்தியாயம் வரும் நாவல்கள் நிறைய. அவற்றில் மூன்று அனுமானங்களைத் தவிருங்கள். பேசுவது ஆண் என்று நினைக்காதீர்கள். நடப்பது இப்போது என்று நினைக்காதீர்கள். அது 20 வருடங்களுக்கு முந்தைய கொலையாக இருக்கலாம். எல்லாக் குட்டி அத்தியாயங்களிலும் பேசுவது ஒரே ஆள் என்றும் நினைக்காதீர்கள். அமானுஷ்யக் கதையில் நான்காவதும் உண்டு: பேசுகிற ஆள் உயிரோடு இருக்கிறார் என்று நினைக்காதீர்கள்.

குறுஞ்செய்திகள், நாட்குறிப்பு, காவல்துறை விசாரணைப் பதிவு, பாட்காஸ்ட் உரை என்று கலந்து வரும் நாவலில் தேதியையும் நேரத்தையும் வாசிக்காமல் விடுவதுதான் பெரிய இழப்பு. ஒரு செய்தி இரவு 11:52க்கு அனுப்பப்பட்டதாக இருக்கும். அனுப்பியவர் 11:30க்கே தூங்கிவிட்டதாக வேறொரு இடத்தில் சொல்லியிருப்பார். நேரம் குறிப்பிட்ட எதையும் வலது பக்கத்தின் அடியில் ஒரு கோடு போட்டு வரிசையாக எழுதிக்கொண்டே வாருங்கள்.

கதை சொல்வது ஒரு பதினாறு வயதுப் பிள்ளை

இளையோர் நாவல் என்பது பொதுவாக 12 முதல் 18 வயது வரையிலான வாசகர்களை மனதில் வைத்து எழுதுவது. கதைசொல்லியும் ஏறக்குறைய அதே வயது, பெரும்பாலும் "நான்" என்று சொல்லும் தன்மைக் கூற்று. இது வெறும் நடை விஷயம் என்று பெரிய வாசகர்கள் விட்டுவிடுகிறார்கள். புதிரின் அமைப்பே இதில்தான் இருக்கிறது.

கதைசொல்லிக்கு வீட்டில் பெரியவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று தெரியும், என்ன என்று புரியாது. கடன், பிரிவு, பழைய வழக்கு, நோய் எதுவானாலும் பாதி வாக்கியமாகத்தான் காதில் விழும். அந்தப் பாதி வாக்கியத்தை அப்படியே குறித்து, ஒரு பெரியவரின் காதால் திரும்பக் கேளுங்கள். "உன் மாமா அப்போது ஊரில் இல்லை" என்று அம்மா சட்டென்று பேச்சை மாற்றினால், கதைசொல்லிக்கு அது சாதாரணம். உங்களுக்கு அது ஒரு கேள்வி.

இன்னொன்று, கதைசொல்லி யாரைக் காதலிக்கிறாரோ அந்த ஆளைப் பற்றிய வர்ணனை நம்பத்தக்கதல்ல. அவன் புன்னகை பற்றி நான்கு வரி இருக்கும், அன்று இரவு அவன் எங்கிருந்தான் என்பது பற்றி ஒரு வரியும் இருக்காது. வலது பக்கத்தில் அவன் பெயருக்கு எதிரே வெற்றிடம் இருப்பதைப் பார்த்தால்தான் இது தெரியும். அதேபோல, கதைசொல்லிக்குப் பிடிக்காத ஆளின் மேல் விழும் சந்தேகம் முதல் பாதியில் அநேகமாக ஏமாற்று வேலைதான்.

கதைசொல்லியே பொய் சொல்கிறாரோ என்று எப்போது சந்தேகப்படலாம்? நேர இடைவெளி வரும்போது. "வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்" என்று ஒரு அத்தியாயம் முடிந்து, அடுத்தது காலையில் தொடங்கினால் நடுவில் என்ன என்று கேளுங்கள். கொலை இரவில் அப்படி ஓர் இடைவெளி இருந்தால் அதைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். கதைசொல்லியோடு யாரும் நேரடியாகப் பேசவே இல்லை, கதவு திறக்கவில்லை, சாப்பாடு தொடப்படவில்லை என்றால் வேறு ஒரு சந்தேகமும் எழ வேண்டும்: கதைசொல்லிதான் இறந்துபோனவரோ? இது பழகிய திருப்பம், ஆனால் புதிதாக வாசிக்கத் தொடங்கியவர்களை இன்றும் அசத்துகிறது.

உடல் சொல்லும் நேரம்

பேய்க் கதையாக இருந்தாலும் பிணம் பிணம்தான். அது மருத்துவ விதிப்படிதான் நடந்துகொள்ள வேண்டும். இரண்டு விஷயம் தெரிந்திருந்தால் போதும். இறந்து சில மணி நேரத்தில் தாடை, கழுத்து என்று தசை விறைக்கத் தொடங்கி, ஏறத்தாழ 12 மணி நேரத்தில் உடல் முழுவதும் விறைத்துவிடும். ஒரு நாளுக்குப் பிறகு மெல்லத் தளரும். வெப்பம் இதை வேகப்படுத்தும், குளிர் தாமதப்படுத்தும். ரத்தம் உடலின் கீழ்ப்பக்கம் தேங்கி உண்டாகும் கருஞ்சிவப்புத் திட்டு, ஏறக்குறைய 8 முதல் 12 மணி நேரத்தில் நிலைத்துவிடும். குப்புறக் கிடந்த உடலின் முதுகில் அந்தத் திட்டு இருந்தால், இறந்து வெகுநேரம் கழித்து யாரோ உடலைப் புரட்டியிருக்கிறார்கள். கண்டெடுத்த பிள்ளை "கை கட்டைபோல் இருந்தது" என்று பயந்து சொல்லும் ஒரு வரி, கொலை நேரத்தில் வேறு இடத்தில் இருந்ததாக யாரோ சொன்னதை உடைத்துவிடலாம்.

நாவலில் உடலுக்கு ஒரு நேரமும் ஆவி சொல்லும் நேரத்துக்கு வேறொரு கணக்கும் வந்தால், உடலை நம்புங்கள். இறந்தவர்களின் நேர உணர்வு குழம்பியிருக்கும் என்பது இந்தக் கதைகளில் அடிக்கடி வரும் சட்டம்.

எங்கே நிறுத்துவது, எப்படி ஊகிப்பது

ஆங்கிலத்தில் இந்த வகை நாவல் பெரும்பாலும் 60,000 முதல் 90,000 சொற்கள் வரை வரும். 80,000 சொற்கள் என்று வைத்து, நிமிடத்துக்கு 250 சொல் வேகத்தில் வாசித்தால் 320 நிமிடம், அதாவது ஐந்தே கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒரே மூச்சில் முடித்துவிடலாம்தான். முடித்தால் பயம் கிடைக்கும், புதிர் கிடைக்காது. நான்கு அமர்வாகப் பிரிப்பது நல்லது. கால், பாதி, முக்கால் என்று மூன்று இடங்களில் புத்தகத்தை மூடி, நோட்டை மட்டும் ஐந்து நிமிடம் பாருங்கள்.

கால் பகுதியில் வகையை முடிவு செய்கிறீர்கள். பாதியில் பேயின் சட்டங்களை வாக்கியமாக எழுத வேண்டும். மூன்று தெளிவான சட்டம் தேறாவிட்டால் முந்தைய அத்தியாயங்களுக்குத் திரும்பிப் போய் இடது பக்கத்தைச் சரிபார்க்கவும். முக்கால் பகுதியில்தான் பெயர் எழுத வேண்டும். அதற்கு முன் எழுதினால் மனம் அந்தப் பெயருக்குச் சாதகமான வரிகளை மட்டுமே பொறுக்கும். பெயரோடு மூன்றையும் எழுதுங்கள்: ஏன் செய்தார், எப்படி முடிந்தது, உங்கள் ஊகத்துக்கு எதிராக இருக்கும் ஒரு தகவல் எது. மூன்றாவது கட்டத்தை நிரப்ப முடியவில்லை என்றால் நீங்கள் போதிய அளவு யோசிக்கவில்லை.

"யார் மேல் சந்தேகமே வரவில்லையோ அவர்தான்" என்ற குறுக்குவழியை விட்டுவிடுங்கள். சில சமயம் பலிக்கும். பலித்தாலும் எதையும் கண்டுபிடித்ததாக ஆகாது, ஆசிரியரின் பழக்கத்தை யூகித்ததாகத்தான் ஆகும். கடைசிக்கு 60 பக்கம் இருக்கும்போது கொலையாளி பிடிபட்டால், அது போலி முடிவு என்று கண்டுபிடிப்பதும் அந்த மாதிரிதான். பக்கத்தை எண்ணித் துப்பறிவதில் சுவை இல்லை. மின்னூலில் எஞ்சிய சதவீதத்தை மறைத்து வைக்கலாம். அந்தச் சதவீதமும் ஏமாற்றும்: கடைசியில் நன்றியுரை, அடுத்த நாவலின் மாதிரி அத்தியாயம் எல்லாம் சேர்ந்திருப்பதால் கதை 92 சதவீதத்திலேயே முடிந்துவிடலாம்.

மின்னூல் வாசிப்பவர்கள் இன்னொரு அமைப்பையும் அணைக்க வேண்டும். மற்ற வாசகர்கள் அதிகம் கோடிட்ட வரிகளைக் காட்டும் வசதி, முக்கியமான துப்பின் அடியில் கோடு போட்டே கொடுத்துவிடும். கதாபாத்திரங்களைப் பற்றிய குறிப்பைத் தட்டினால் காட்டும் வசதியையும் தொடாதீர்கள். பின்னால் தெரிய வேண்டிய உறவு அங்கே முன்னாலேயே இருக்கும். ஆடியோபுக் கேட்பவர்களுக்குச் சிக்கல் வேறு: திரும்பிப் பார்ப்பது கடினம். பெயர்களின் எழுத்து தெரியாது. நேரமும் தேதியும் காதில் தங்காது. 30 வினாடி பின்னால் போகும் பொத்தானைத் தயங்காமல் பயன்படுத்துங்கள், விசாரணைக் காட்சிகளில் புக்மார்க் போடுங்கள்.

பயம் அளவு மீறினால்

இந்த நாவல்களில் பேயைவிடக் கனமானவை வரும்: தற்கொலை, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, பாலியல் வன்முறை, வீட்டுக்குள் அடி. பல பதிப்புகளில் முன்பக்கத்திலோ கடைசிப் பக்கத்திலோ உள்ளடக்க எச்சரிக்கை இருக்கிறது; அதை வாசிப்பதால் புதிர் கெட்டுப்போகாது, ஏனென்றால் என்ன வரும் என்று சொல்லுமே தவிர யாருக்கு, யாரால் என்று சொல்லாது. 12, 13 வயதுக்காரர்களுக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கும் பெரியவர் கதாநாயகியின் வயதைப் பாருங்கள். 17, 18 என்றால் முதலில் நீங்கள் வாசித்துவிட்டுக் கொடுங்கள். அண்மையில் ஒரு மரணத்தைச் சந்தித்த பிள்ளைக்கு, இறந்தவர் திரும்பி வந்து பேசும் கதை ஆறுதலாகவும் இருக்கலாம், தாங்க முடியாததாகவும் இருக்கலாம். கேட்டுவிட்டுக் கொடுப்பதுதான் சரி.

தூக்கம் கெடுகிறதென்றால் இரவில் அத்தியாய முடிவில் நிறுத்தாதீர்கள். அத்தியாய முடிவு என்பதே உங்களை விடாமல் இழுக்கக் கட்டியது. அடுத்த அத்தியாயத்தின் இரண்டாவது, மூன்றாவது பக்கத்தில், பதற்றம் தணிந்த இடத்தில் நிறுத்துங்கள்.

முடிந்த பிறகு

கடைசிப் பக்கத்தை மூடியதும் நோட்டின் இரு பக்கத்தையும் முடிவோடு ஒப்பிடுங்கள். கொலையாளி முதல் கால்பகுதியில் வந்தாரா? அவரைக் காட்டிக்கொடுத்த சட்டம் கடைசி 50 பக்கத்துக்கு முன்பே சொல்லப்பட்டதா? ஆவிக்குப் புதிதாக ஒரு சக்தி, தேவைப்பட்ட நேரத்தில் மட்டும் முளைத்ததா? மூன்றாவதற்கு "ஆமாம்" என்றால் தோற்றது நீங்கள் இல்லை. முதல் இரண்டுக்கும் "ஆமாம்", மூன்றாவதற்கு "இல்லை" என்று வந்தால் கையில் இருப்பது நேர்மையான நாவல்; அதை இரண்டாவது முறை வாசிக்கலாம். இரண்டாவது வாசிப்பில் முழுப் புத்தகமும் தேவையில்லை. கொலையாளி இருக்கும் காட்சிகளையும் ஆவி தோன்றும் காட்சிகளையும் மட்டும் வரிசையாக வாசியுங்கள். உண்மையைத் தெரிந்துகொண்டு வாசிக்கும்போது ஒரே உரையாடலுக்கு இரண்டு அர்த்தம் இருப்பது தெரியும். இந்த வகையின் கைத்திறன் இதில்தான் முழுதாக வெளிப்படுகிறது.

தொடர் நாவல் என்றால் வெளியான வரிசையில் வாசியுங்கள். கதைக் காலம் முந்தையது என்பதற்காகப் பின்னால் வந்த முன்கதையை முதலில் எடுத்தால், முதல் புத்தகத்தின் கொலையாளி யாரென்று அதிலேயே தெரிந்துபோகும். இரண்டாம் பாகத்தின் பின்னட்டையும் முதல் பாகத்தின் முடிவை அநேகமாகச் சொல்லிவிடும். வாங்கும்போது திருப்பிப் பார்க்க வேண்டாம். பேயின் சட்டங்களை எழுதிய இடது பக்கத்தைக் கிழித்து முதல் பாகத்துக்குள்ளேயே வைத்துவிடுங்கள், அடுத்த பாகம் வர ஒரு வருடம் ஆனாலும் அதிலிருந்து தொடங்கலாம்.